20-ம் தேதிக்கே காலியாகும் பணம்: ரூம் எடுத்துப் படிக்கும் மாணவருக்கு ஒரு கணக்கு

கேள்வி: அரசுப் பள்ளியில் படித்துவிட்டு, இப்போது சென்னையில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். குரோம்பேட்டையில் நான்கு பேர் சேர்ந்து ரூம் எடுத்திருக்கிறோம். வாடகை, கரண்ட் எல்லாம் சேர்த்து என் பங்கு ₹3,500. வீட்டிலிருந்து மாதம் ₹9,000 வருகிறது. 20-ம் தேதிக்கே கையில் எதுவும் இருப்பதில்லை. போன மாதம் ஒரு ஆப்பில் ₹3,000 கடன் வாங்கிவிட்டேன். கிண்டிக்குப் போய்வர மட்டும் ₹1,200 வரை ஆகிறது. எங்கே குறைப்பது?

பதில்: முதலில் அந்த ₹3,000 கடனை முடியுங்கள். இப்படிப்பட்ட சின்னக் கடன்களில் வட்டியைவிட பிராசஸிங் கட்டணமும் தாமதக் கட்டணமும்தான் ஆளைச் சாய்க்கும். தவணை தவறினால், நம் கடன் வரலாற்றை வங்கிகளுக்குக் காட்டும் சிபிலில் பதிவாகி, பிற்பாடு கல்விக் கடன் கேட்கும்போது வந்து நிற்கும். சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கும். ஆனாலும் வீட்டில் சொல்லி ஒரே முறையில் ₹3,000 வாங்கி அடைத்துவிட்டு, மாதம் ₹600 வீதம் ஐந்து மாதத்தில் வீட்டுக்குத் திருப்பிக் கொடுங்கள். கடன் முடிந்ததற்கான சான்றை ஆப்பில் இறக்கி வைத்துக்கொண்ட பிறகே ஆப்பை நீக்குங்கள்.

இனி மாதக் கணக்கு. ₹9,000-ல் வாடகை போக ₹5,500. ரயில், போன், சோப்பு, ஜெராக்ஸுக்கு ₹1,000, வீட்டுக்கு ₹600. மீதி ₹3,900. இதை மாதக் கணக்காகப் பார்த்தால் முதல் பத்து நாளில் கை தாராளமாகிவிடும். வாரக் கணக்காக்கினால் ₹900. ஞாயிறு இரவு அந்த ₹900-ஐ மட்டும் யுபிஐ லைட்டில் (பணம் அனுப்பும் ஆப்பிலேயே இருக்கும் சின்ன பர்ஸ்) ஏற்றுங்கள். டீ, பன், சாப்பாடு எல்லாம் அதிலிருந்துதான். அதில் ‘ஆட்டோ டாப்-அப்’ ஆன் ஆகியிருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் தீரத் தீரத் தானே நிரம்பிக்கொண்டிருக்கும், பிரித்து வைத்ததற்கே அர்த்தமில்லை. லைட்டில் பணம் கொடுக்கப் பின் நம்பர் தேவையில்லை. ஆகவே பின் கேட்டாலே அது மெயின் கணக்கிலிருந்து போகிறது என்று பொருள். அங்கே கையை எடுத்துவிடுங்கள்.

பெரும்பாலும் பணம் கரைவது இரவுச் சாப்பாட்டில்தான். ஆப்பில் ஆர்டர் போட்டால் உணவு விலையோடு பேக்கிங், டெலிவரி, பிளாட்ஃபார்ம் கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் ஏறும். அதற்காக முழுச் சமையலில் இறங்காதீர்கள். காய் நறுக்குவது யார், பாத்திரம் கழுவுவது யார் என்ற சண்டையில் இரண்டே வாரத்தில் நின்றுபோகும். சோறு மட்டும் ரூமில் ஆக்குங்கள். 1.8 லிட்டர் எலெக்ட்ரிக் குக்கர் நான்கு பேருக்குப் போதும். ஆளுக்கு 150 கிராம் என்று 600 கிராம் அரிசி சுமார் ₹35. எட்டு முட்டை ₹56, அரை லிட்டர் தயிர் ₹35, கடையில் சாம்பார் பார்சல் ₹60. மொத்தம் ₹186, ஆளுக்கு ₹47 கூட வராது. விலை கடைக்குக் கடை மாறும், ஆனாலும் தனித்தனியாக நான்கு பார்சல் வாங்குவதில் பாதிகூட ஆகாது. கழுவ வேண்டியது குக்கர் பாத்திரமும் தட்டும்தான். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வையுங்கள். காலையில் தயிரும் சின்ன வெங்காயமும் இருந்தால் டிபன் செலவு இல்லை. கல்லூரிப் பக்கம் அம்மா உணவகம் இருந்தால் இட்லி ₹1, பொங்கல் ₹5, மதியம் சாம்பார் சாதம் ₹5. சீக்கிரம் தீர்ந்துவிடும், நேரத்தோடு போங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன்: மிச்சம் பிடிக்கிறேன் என்று முட்டையையும் தயிரையும் வெட்டாதீர்கள். படிக்கிற உடம்புக்கு அது வேண்டும்.

குரோம்பேட்டை–கிண்டிக்கு எலெக்ட்ரிக் ட்ரெயின் இருக்கும்போது ஷேர் ஆட்டோ வேண்டாம். கல்லூரி அலுவலகத்தில் சலுகைச் சான்று வாங்கி, ஸ்டேஷன் கவுன்ட்டரில் மாணவர் சீசன் டிக்கெட் எடுங்கள். மேலே நான் போட்ட ₹1,000-க்குள் அடங்கிவிடும். போன் ரீசார்ஜில் ‘மாதம்’ என்பது பல பிளான்களில் 28 நாள்தான். வருடத்துக்கு 13 முறை கட்டுகிறீர்கள். 84 நாள் பிளானை ஒரு நாளுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்து எடுங்கள்.

நீங்கள் அரசுப் பள்ளி மாணவர் என்பதால் ஒரு கேள்வி: தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் பதிந்தீர்களா? 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவர்களுக்கு, 2024 ஆகஸ்ட் முதல் மாதம் ₹1,000 நேரடியாக வங்கிக் கணக்கில் வருகிறது. (மாணவிகளுக்குப் புதுமைப் பெண்.) கல்லூரியில் இதைக் கவனிக்கும் ஒருங்கிணைப்பாளரைப் பாருங்கள். பதிந்தும் பணம் வரவில்லையென்றால், கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று வங்கியில் கேளுங்கள். பல நேரம் சிக்கல் அங்கேதான். வந்தால் அந்த ₹1,000-ஐ ₹900 கணக்கோடு கலக்காதீர்கள். ₹500-க்கு ஓராண்டு ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் வங்கிச் சேமிப்பு) போடுங்கள். மீதி ₹500-ஐத் தொடாமல் சேர்த்தால், ஆறு மாதத்தில் ₹3,000. அடுத்த செமஸ்டர் தேர்வுக் கட்டணம் வரும்போது மறுபடி ஆப் பக்கம் போக வேண்டியிருக்காது.