ஆள் இல்லாத நேரத்தில் ஓடும் மீட்டர்

கேள்வி: 22 பேர் பணிபுரியும் எங்கள் அலுவலகத்தைச் சுற்றுச்சூழலுக்கு உகந்ததாக மாற்றும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டிருக்கிறது. வாடகைக் கட்டடம். பழைய குழல் விளக்குகள் 40-ஐயும் எல்இடியாக மாற்றினோம். குப்பைக்கு வண்ணத் தொட்டிகள் வைத்தோம். மேசைதோறும் செடிகளும் உண்டு. ஆனாலும் மின் பயன்பாடு பெரிதாகக் குறையவில்லை. பழைய கணினிகளையும் ஏசிகளையும் மொத்தமாக மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். புதிதாக ஒன்றை வாங்குவதற்கு முன்பு, இருப்பது எங்கே வீணாகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குத் தேவையான கருவி உங்கள் கட்டடத்திலேயே இருக்கிறது. மாலையில் கடைசியாகக் கிளம்புபவர் மின்சார மீட்டரின் அளவைக் குறித்துவைக்கட்டும். மறுநாள் காலையில் முதலில் வருபவர், எந்த சுவிட்சையும் தொடுவதற்கு முன்பு மீண்டும் அதைக் குறிக்கட்டும். ஒரு யூனிட் என்பது 1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடுவது. இடையில் 14 மணி நேரம் கடந்து 7 யூனிட் ஓடியிருந்தால், ஒருவர்கூட இல்லாத அலுவலகம் இரவு முழுவதும் 500 வாட் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இது சிறிய அளவாகத் தோன்றலாம். ஆனால் நாளுக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 5 நாட்கள் என்று இயங்கும் அலுவலகம், வாரத்தின் 168 மணி நேரத்தில் 118 மணி நேரம் காலியாகத்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் மட்டும் 500 வாட் ஓடினால் ஆண்டுக்கு 3,000 யூனிட்டைத் தாண்டிவிடும். உங்கள் விளக்குகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: 36 வாட் குழல் விளக்கை 18 வாட் எல்இடியாக மாற்றினால், ஆண்டுக்கு 2,500 மணி நேரம் எரிவதாகக் கொண்டாலும், விளக்கு ஒன்றுக்கு மிச்சமாவது 45 யூனிட், 40 விளக்குகளுக்கும் சேர்த்து 1,800 யூனிட். நீங்கள் செய்தது நல்ல காரியமே. ஆனால் அதைவிடப் பெரிய ஓட்டை திறந்தே கிடந்தால், கணக்கில் அது தெரியாமல் போவதில் வியப்பில்லை.

இரவில் இழுக்கும் மின்சாரம் முழுவதும் வீண் அல்ல. சர்வர், இணைய மோடம், கண்காணிப்பு கேமரா போன்றவை ஓடித்தான் ஆக வேண்டும். மற்றவற்றைக் கண்டுபிடிக்க, பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே பொருத்தும் சிறிய அளவுக் கருவி ஒன்றை வாங்கி, ஒவ்வொரு சாதனமாகச் சில நாட்கள் வைத்துப் பாருங்கள். என் அனுபவத்தில் அடிக்கடி அகப்படுவது, வெந்நீரும் குளிர்ந்த நீரும் தரும் குடிநீர் இயந்திரம். யாரும் குடிக்காத நீரை அது இரவெல்லாம் சூடாக்கியும் குளிர்வித்தும் கொண்டிருக்கும். தேவைக்கு மேல் பெரிய யூபிஎஸ், அணைக்க மறந்த கழிவறை விசிறி, ஸ்டாண்ட்பையில் கிடக்கும் பிரின்டர் ஆகியவை அடுத்து வரும். நாள் முழுவதும் 1 வாட் இழுக்கும் பொருள் ஆண்டுக்கு ஏறத்தாழ 9 யூனிட் தின்னும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், எதைத் துரத்துவது, எதை விட்டுவிடுவது என்பது தானாகவே விளங்கும். பெரும்பாலானவற்றுக்கு ஒரு டைமர் சுவிட்ச் போதும்.

அடுத்தது ஏசி. சுவர் வழியாகவும் கண்ணாடி வழியாகவும் உள்ளே கடத்தப்படும் வெப்பம், வெளியே உள்ள வெப்பநிலைக்கும் உள்ளே உள்ளதற்கும் இருக்கும் வித்தியாசத்தைப் பொறுத்தது. வெளியே 35 டிகிரி இருக்கும்போது உள்ளே 20-இல் வைத்தால் வித்தியாசம் 15. உள்ளே 25-இல் வைத்தால் 10. அவ்வழியே நுழையும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு, சாதனம் எதையும் மாற்றாமலேயே குறைந்துவிடுகிறது. அந்தக் கூடுதல் டிகிரிகளை ஊழியர்கள் ஏற்க வேண்டுமானால் காற்றோட்டம் வேண்டும். ஆகவே மின்விசிறியையும் உடன் ஓடவிடுங்கள். விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை, தோலில் காற்றுப் படும் மனிதரைத்தான் குளிர்விக்கிறது என்பதால், ஆள் எழுந்து போனதும் அதை அணைத்துவிட வேண்டும். வெயில் நேரே விழும் சன்னல்களுக்கு உள்ளே திரை போடுவதைவிட, கண்ணாடிக்கு வெளியே நிழல் தருவது பல மடங்கு மேல்; திரையைத் தொடும் வெயில் ஏற்கெனவே அறைக்குள் வந்துவிட்ட வெயில். ஃபில்டரைக் கழுவுவதையும் கதவு இடுக்குகளை அடைப்பதையும் எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்கிறேன், ஏனென்றால் சொல்லப்படும் அளவுக்கு அவை செய்யப்படுவதில்லை.

மீட்டரில் தெரியாத பாதிப்பு ஒன்றும் ஏசிக்குள் இருக்கிறது. பல இயந்திரங்களில் உள்ள ஆர்-410ஏ என்ற குளிர்பதன வாயு, நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடையுள்ள கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 2,000 மடங்கு புவியைச் சூடாக்கக்கூடியது. ஒரு கிலோ கசிந்தால் இரண்டு டன் கரியமில வாயுவை வெளியிட்டதற்குச் சமம். இத்தகைய வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க 2016-இல் ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் உலக நாடுகள் உடன்பட்டதற்குக் காரணமும் இதுதான். எனவே, “காஸ் தீர்ந்துவிட்டது, நிரப்ப வேண்டும்” என்று பழுது பார்ப்பவர் ஆண்டுதோறும் சொன்னால், தயவுசெய்து ஏற்காதீர்கள். ஏசியின் காஸ் எரிபொருளைப் போலச் செலவாவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடித்து அடைத்த பிறகே நிரப்ப வேண்டும்.

கணினிகளைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: ஓடும் வரை ஓட்டுங்கள். ஒரு லேப்டாப் தன் வாழ்நாளில் ஏற்படுத்தும் கார்பன் உமிழ்வில் பெரும்பகுதி, அதை நீங்கள் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன்பே, தயாரிப்பின்போதே நிகழ்ந்துவிடுகிறது. வேகம் குறைந்துவிட்டது என்பதற்காகத் தூக்கிப் போடுவதைவிட, நினைவகத்தைக் கூட்டி, பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகத்தைப் பொருத்தினால் பல கணினிகள் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். 2022-இல் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உருவாக்கியது; முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் 22.3 சதவீதம் மட்டுமே. மேசைக் கணினி உண்மையிலேயே பழுதாகும்போது அதன் இடத்தில் லேப்டாப்பை வாங்குவது மின்சாரத்தைக் குறைக்கும். அதுவும் பழுதான பிறகுதான்.

தண்ணீரில் சொட்டும் குழாயையும் கசியும் கழிவறைத் தொட்டியையும் பாருங்கள். தொட்டி நீரில் சிறிது வண்ணம் கலந்து கால் மணி நேரம் பொறுத்தால், பீங்கானில் நிறம் தெரிகிறதா என்பதை வைத்துக் கசிவு புலப்படும். காகிதத்துக்கு, இருபுறமும் அச்சிடுவதைப் பிரின்டரின் இயல்பு அமைப்பாக வைத்தால் போதும். குப்பைத் தொட்டிகளைப் பொறுத்தவரை, பிரித்துப் போடுவது கீழ்த்தளத்தில் மீண்டும் ஒன்றாகக் கொட்டப்படுகிறதா என்று ஒருமுறை பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள். செடிகள் கண்ணுக்கும் மனதுக்கும் இதமானவை. அதற்காகவே வையுங்கள், மேசைக்கு ஒரு செடி அறைக் காற்றைச் சுத்தம் செய்துவிடும் என்ற நம்பிக்கையில் அல்ல.

வாடகைக் கட்டடம் என்பதால் மேற்கூரைக்கு வெள்ளைப் பூச்சு, சன்னலுக்கு வெளியே மறைப்பு, சூரிய மின் தகடு ஆகியவற்றுக்கு உரிமையாளரின் சம்மதம் வேண்டும். வெறும் வேண்டுகோளோடு போகாமல், மூன்று மாத மீட்டர் குறிப்புகளோடு போங்கள். பயன்பாட்டைக் குறைத்த பிறகு கேட்டால், பொருத்த வேண்டிய சூரிய மின் தகடுகளின் எண்ணிக்கையும் குறையும். குறைந்திருக்கிறதா என்று பார்க்கும்போது சென்ற மாதத்தோடு ஒப்பிடாமல், பருவநிலை ஒத்திருக்கும் சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

ஏசியை எப்போது மாற்றலாம் என்றால், கம்ப்ரசர் போகும்போதோ, அடைத்தும் கசிவு நிற்காதபோதோ மாற்றலாம். அப்போது ஆர்-410ஏ உள்ளதைத் தவிர்த்து, பாதிப்பு அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே உள்ள ஆர்-32, அல்லது மிகச் சொற்பமான பாதிப்புள்ள ஆர்-290 கொண்ட இயந்திரத்தைக் கேளுங்கள். இவை தீப்பற்றக்கூடிய வாயுக்கள் என்பதால் பயிற்சி பெற்றவரே பொருத்த வேண்டும். பழைய இயந்திரத்தைக் கழற்றுபவரிடம், அதில் உள்ள வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல் சிலிண்டரில் மீட்டெடுக்க வேண்டும் என்ற நிபந்தனையை, வேலையைத் தொடங்குவதற்கு முன்பே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.