பல கவுண்டிகளுக்கு ஒரே மெஷர் என்றால், அதை யார் ஒருங்கிணைக்கிறார்கள்?

ஒரே வரித் தீர்மானம் (மக்கள் எஸ் அல்லது நோ என்று ஓட்டுப் போடும் இதைத்தான் மெஷர் என்கிறார்கள்) மூன்று நான்கு கவுண்டிகளின், அதாவது மாவட்டங்களின், வாக்குச்சீட்டிலும் வருகிறதே, தேர்தல் அலுவலர்கள் இதைத் தங்களுக்குள் எப்படிப் பேசிவைத்துக்கொள்கிறார்கள், மேலே இருந்து பார்ப்பவர் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். கலிஃபோர்னியாவுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். பக்கத்து கவுண்டி நண்பர் வீட்டுக்கு வந்த வாக்காளர் கையேட்டிலும் அதே மெஷரைப் பார்த்திருப்பீர்கள்.

மேலே யாரும் இல்லை. நம் ஊர் தேர்தல் ஆணையத்தைப் பார்த்துப் பழகியவர்கள் இதை நம்பவே மாட்டார்கள். இங்கே 58 கவுண்டி, 58 தேர்தல் அலுவலகம், ஒவ்வொன்றும் தனிக்குடித்தனம். மாநில அரசில் தேர்தல் வேலைகளைப் பார்க்கும் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட், மாநிலம் முழுக்கப் போகும் ப்ராபொசிஷன்களுக்குக் கையேடு அடிப்பார், சட்டத்தில் சந்தேகம் என்றால் சுற்றறிக்கை அனுப்புவார். உள்ளூர் மெஷரைக் கட்டி மேய்க்க மாட்டார்.

நான் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் ஒரு கவுண்டி தேர்தல் அலுவலகத்தில் சீசன் ஊழியராக வேலை பார்த்தவள். வாக்காளர் கையேட்டுக்குப் ப்ரூஃப் பார்ப்பது என் வேலை. எந்த கவுண்டி என்று சொல்லமாட்டேன், கூட வேலை பார்த்தவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். நான் வக்கீல் இல்லை, சட்டப்பிரிவு எண் கேட்டு யாரும் வரவேண்டாம்.

2020 நவம்பரில் வந்த மெஷர் ஆர்ஆர் நல்ல உதாரணம். கால்ட்ரெய்ன் ரயிலுக்காக சான் ஃபிரான்சிஸ்கோ, சான் மட்டேயோ, சாண்டா கிளாரா மூன்றிலும் 30 வருடத்துக்கு டாலருக்கு எட்டில் ஒரு சென்ட் விற்பனை வரி. கோவிட்டில் ரயில் காலியாக ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. இதைச் சீட்டில் ஏற்றவே மூன்று கவுண்டிகளையும் ஆளும் சூப்பர்வைசர் சபைகள், மூன்று போக்குவரத்து நிறுவனங்கள், கால்ட்ரெய்னின் சொந்த வாரியம் என்று ஏழு இடத்தில் சம்மதம் வாங்க வேண்டும். ரயில் நிர்வாகம் சான் மட்டேயோ கையில் இருக்கிறது என்று சான் ஃபிரான்சிஸ்கோ ஜூலையில் முட்டுக்கட்டை போட்டது. தேர்தலுக்கு 88 நாள் முன்பு தீர்மானம் கவுண்டிகளுக்கு வந்து சேர்ந்தாக வேண்டும், அதாவது ஆகஸ்ட் 7. அதை ஒட்டித்தான் ஒரு வழியாக ஒத்துக்கொண்டார்கள். அரசியல்வாதிகள் அங்கே இழுத்தடித்த ஒவ்வொரு நாளும் எங்கள் அச்சு அட்டவணையில் இடித்தது.

அதற்கப்புறம்தான் நீங்கள் கேட்ட ஒருங்கிணைப்பு. பெரிய ரகசியம் எதுவும் இல்லை, போனும் மெயிலும்தான். சீட்டில் வரும் கேள்வி 75 வார்த்தைக்கு மேல் போகக்கூடாது, எல்லா கவுண்டியிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும். நாங்கள் இரண்டு பேர் உட்காருவோம். ஒருவர் கமா, ஹைஃபன், முற்றுப்புள்ளி வரை உரக்க வாசிப்பார், இன்னொருவர் தாளில் பேனாவை நகர்த்திக்கொண்டே வருவார். ஒருநாள் எங்கள் தாளில் 'ஒன் எய்த்' என்று சொல்லாகவும், பக்கத்து கவுண்டி அனுப்பியதில் அதுவே பின்னமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றுதானே என்பீர்கள். அதை நாங்கள் முடிவு செய்ய முடியாது. தீர்மானத்தில் உள்ளபடி என்று பதில் வரும்வரை அந்தப் பக்கம் மேஜையிலேயே கிடந்தது.

கையேட்டில் வரும் ஆதரவு வாதம், எதிர் வாதம் தலா 300 வார்த்தை. யாருடைய வாதத்தை எடுப்பது என்பதை ஒரு கவுண்டி முன்னின்று பார்த்துக்கொள்ளும். பெரும்பாலும் வாக்காளர் அதிகம் உள்ள கவுண்டிதான் அது, மற்றவை அதை வாங்கி அப்படியே போடும். பிறகு 10 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும். அந்த நேரத்தில் யாராவது கோர்ட்டுக்குப் போய் ஒரு சொல்லை மாற்ற வைத்தால் மூன்று அச்சகத்திலும் மாற்றவேண்டும். மொழிகளும் ஆளுக்கு ஆள் வேறு. ஸ்பானிஷும் சீனமும் மூன்றுக்கும் பொது, சாண்டா கிளாராவுக்கு வியட்நாமிய மொழியும் வேண்டும்.

மெஷருக்குப் பெயராக வைக்கும் எழுத்து விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு கவுண்டியிலும் உள்ளூர் மெஷர்கள் ஏ, பி, சி என்று வரிசையாகப் போகும். பொதுவான மெஷருக்கு ஒரு இடத்தில் டி, இன்னொரு இடத்தில் ஜே என்றால் பிரச்சாரம் செய்பவனுக்கும் குழப்பம், ஓட்டுப் போடுபவனுக்கும் குழப்பம். அதனால் யாருடைய வரிசையிலும் இடிக்காத எழுத்தாகப் பேசி எடுப்பார்கள். 2016 ஜூனில் சதுப்பு நிலங்களுக்காக மனைக்கு 12 டாலர் வரி வந்தபோது ஒன்பது கவுண்டியிலும் அது ஏஏ. 2020-இல் ஒரு பெரியவர் போன் செய்து, "ஆர்ஆர் இருக்கிறதே, இடையில் உள்ள மற்றதெல்லாம் எங்கே? யாருக்காக மறைத்தீர்கள்?" என்று பிடித்துக்கொண்டார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அவர் போனை வைத்ததும் அடுத்த அழைப்பும் அதே கேள்வி.

எண்ணிக்கையும் அவரவர் வீட்டில்தான். தேர்தல் இரவில் டிவியில் மூன்று கவுண்டிக்கும் மூன்று சதவீதம் காட்டுவார்கள், அதில் எதுவுமே முடிவு இல்லை. ஒவ்வொரு கவுண்டியும் தன் எண்ணிக்கையைச் சான்றளித்து முடிக்கச் சில வாரம் ஆகும். அதையெல்லாம் கூட்டினால் வருவதுதான் முடிவு. ஆர்ஆருக்கு மூன்று கவுண்டி ஓட்டையும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், கிட்டத்தட்ட 70 சதவீதம் வந்தது. 2018-இல் பாலச் சுங்கத்தைக் கூட்டிய ரீஜனல் மெஷர் 3-க்குப் பாதிக்கு மேல் வந்தால் போதும், 55 சதவீதம் வாங்கியது. சொலானோவும் கான்ட்ரா கோஸ்டாவும் வேண்டாம் என்றுதான் ஓட்டுப் போட்டன, ஆனாலும் அவர்களும் கூடுதல் சுங்கம் கட்டுகிறார்கள். இது அநியாயம் என்று கீழே எழுதப்போகிறவர்கள் மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவில் சட்டம் போட்டவர்களைக் கேளுங்கள். கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைத் திட்டாதீர்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். கணவரின் வேலை விசாவை ஒட்டிக் கிடைக்கும் எச்-4 விசாவில் வந்து, வேலைக்குப் போக அனுமதி இல்லாமல் வருடக்கணக்கில் வீட்டில் இருந்தவள் நான். குடியுரிமை வந்தபின் கிடைத்த வேலை இது. நம்மவர்கள் பாட்லக்கில் (ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்து) "எந்த கம்பெனி?" என்பார்கள். தேர்தல் ஆபீஸ், சீசன் வேலை என்றதும் "ஓ, டைம்பாஸா?" என்று அடுத்த ஆளிடம் திரும்பிவிடுவார்கள். அதே ஆட்கள்தான் அக்டோபரில், "அக்கா, இந்த மெஷருக்கு எஸ்ஸா நோவா?" என்று எனக்கு வாட்ஸ்அப் அனுப்புவார்கள். கையேட்டைப் பிரித்தே பார்த்திருக்க மாட்டார்கள். எஸ்ஸா நோவா என்று நான் சொல்வதும் இல்லை.

உங்கள் கையேட்டிலும் நண்பருடையதிலும் ஒரே மெஷரின் கேள்வியில் ஒரு சொல் மாறியிருந்தால் இரண்டு அலுவலகத்துக்கும் போன் போடுங்கள், பக்க எண்ணையும் சொல்லுங்கள். வாதங்களைப் படிக்க நேரமில்லை என்றாலும் பரவாயில்லை, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் முழுத் தீர்மானத்தைப் பாருங்கள். பணம் எங்கே போகிறது என்பது அதில்தான் இருக்கும்.