தாலியைக் காட்டட்டுமா?

அன்புள்ள அக்கா,

என் தங்கை பதினோரு வருஷம் அடி வாங்கிவிட்டு, இரண்டு பிள்ளைகளோடு இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான்கு மாதமாக வைத்திருக்கிறோம். யாரோடும் பேசுவதில்லை. கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாமோ என்றுகூடச் சில நாள் தோன்றுகிறது. “கோயில் கல்யாணம்தானே, கோர்ட்டுக்குப் போனால் ஒரு சென்ட் கிடைக்காது” என்று அவள் கணவர் வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறார். புரட்டாசி முடிந்ததும் கோயில் பெரியவர்கள் சமரசம் பேச வருகிறார்கள். அவள் மனசு தேற என்ன படிக்கக் கொடுக்கலாம்?

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

புத்தகம் இருக்கட்டும், முதலில் அவள் நிம்மதியாகத் தூங்கட்டும். பேசாமல் இருக்கிறாள் என்று துளைத்தெடுக்காதீர்கள். கோபித்துக்கொண்டாலும் சரி, ஒன்று சொல்லிவிடுகிறேன்: பதினோரு வருஷம் பொறுத்தவளிடம் இன்னும் எத்தனை வருஷம் கேட்பீர்கள்? அந்த நினைப்பு அவள் காதில் விழவே கூடாது.

என்னை எழுத வைத்தது அந்த வாய்ஸ் மெசேஜ்தான். இந்தப் புளுகைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் இதை நம்பியே வருஷக்கணக்கில் வாயை மூடிக்கொண்டிருந்தாள். கடைசியில் அவளோடு கோர்ட்டுக்குப் போனேன். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கிளினிக் அட்டை எல்லாம் செக்கர்ஸ் கடைப் பிளாஸ்டிக் பை ஒன்றில் சுருட்டி மடியில் வைத்திருந்தாள். குமாஸ்தா ஒரு ஜூலு அம்மா. கல்யாணம் ஆயிற்றா என்று அவர் கேட்டதும் இவளுக்கு வியர்த்துவிட்டது. “பேப்பர் இல்லை, தாலியைக் காட்டட்டுமா?” என்றாள். அந்த அம்மா பேனாவைக்கூட நிறுத்தவில்லை. “வேண்டாம். கடைசியாக எப்போது அடித்தான், அதைச் சொல்.”

அவ்வளவுதான். இந்த நாட்டின் 1998-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் எந்த மதப்படி, எந்த வழக்கப்படி நடந்த கல்யாணத்தையும் கணக்கில் எடுக்கிறது. கல்யாணமே இல்லாமல் சேர்ந்து வாழ்ந்தவளுக்கும் பாதுகாப்பு உத்தரவு உண்டு. வக்கீல் வேண்டாம். இப்போது தங்கியிருக்கும் ஊர்க் கோர்ட்டிலேயே கேட்கலாம். உத்தரவோடு கைது வாரண்டும் எழுதி நிறுத்தி வைப்பார்கள். கணவர் உத்தரவை மீறினால் அது உயிர்பெறும். அவரிடம் துப்பாக்கி இருந்தால் மறக்காமல் எழுதச் சொல்லுங்கள், பறிமுதல் செய்ய உத்தரவிடலாம். அந்த வீட்டில் கிடக்கும் அவள் துணிமணிகளை எடுக்கப் போலீஸ் துணைக்கு வரவும் கேட்கலாம். பிள்ளைகளின் ஜீவனாம்சத்துக்கும் கல்யாணப் பத்திரத்துக்கும் சம்பந்தமே இல்லை. அப்பன் என்றால் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

ஆனால் அவர் சொல்வதில் ஒரு துண்டு உண்மை இருக்கிறது, என் வயிற்றெரிச்சலும் அதில்தான். அரசு அங்கீகரித்த மேரேஜ் ஆபீசர் நடத்திப் பதியாத இந்துக் கல்யாணத்தைச் சட்டம் முழுதாக ஏற்பதில்லை. வீட்டில், சொத்தில் பங்கு கேட்பது பெரும்பாடாகிவிடும். 1913-இல் கேப் நீதிபதி சேர்ல், கிறித்துவ முறைப்படி நடக்காத நம் கல்யாணங்கள் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னபோது நம் பெண்கள் கொதித்துப் போய்ப் போராட்டத்தில் இறங்கி ஜெயிலுக்குப் போனார்கள். தில்லையாடி வள்ளியம்மை மாரிட்ஸ்பர்க் ஜெயிலிலிருந்து காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரியில் செத்துப்போனாள். வயசு பதினாறு. அந்த வருஷமே சட்டம் திருந்தியது, முறையாகப் பதிந்தால் நம் கல்யாணமும் செல்லும் என்று. அவள் படத்துக்கு மாலை போடுகிற நாம், ஹாலுக்கும் பிரியாணிக்கும் வீடியோவுக்கும் கடன் வாங்குகிறோம். ஒரு கையெழுத்துக்கு மட்டும் “அப்புறம் பார்க்கலாம்”. அந்த அப்புறம் வருவதே இல்லை. பத்திரம் கேட்கிற மருமகளுக்கு ‘இப்போதே பங்கு கேட்கிறாள்’ என்ற பட்டமும் கிடைக்கும்.

சமரசத்துக்குப் பெரியவர்கள் வரட்டும், டீ கொடுங்கள். உங்கள் தங்கையைக் கூடத்துக்குக் கூப்பிட்டு உட்கார வைக்காதீர்கள். வருகிறவர்களில் அந்தக் கல்யாணத்தை நடத்தி வைத்தவரும் இருந்தால், அன்றைக்குப் பதிவேடு ஏன் இல்லை என்று அவரிடம் கேளுங்கள். பதில் சொல்லிவிட்டு அவர் சமரசத்தைப் பற்றிப் பேசட்டும்.