பாதி விலைக்கு டென்னிஸ் கோர்ட் போட்டுத் தருகிறேன் என்கிறார், நம்பலாமா?

கேள்வி: எங்கள் வீட்டை ஒட்டி 130 அடி நீளம், 75 அடி அகலத்தில் காலி இடம் இருக்கிறது. நீளவாக்கு ஏறக்குறைய வடக்கு தெற்காக அமைந்திருக்கிறது. மகளுக்கு 13 வயது, மகனுக்கு 9. இரண்டு பேரும் டென்னிஸ் பழகுகிறார்கள். நானும் கணவரும் வாரத்தில் மூன்று நாள் ஆடுவோம். வீட்டிலேயே ஒரு கோர்ட் போட்டுவிடலாம் என்று மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினோம். இரண்டு பேர் கிட்டத்தட்ட ஒரே தொகை சொன்னார்கள். மூன்றாமவர் அதில் பாதிதான் கேட்கிறார். 'அதே கான்கிரீட், அதே பூச்சு, ஒரே மாதத்தில் முடித்துத் தருகிறேன்' என்கிறார். அவரிடமே கொடுத்துவிடலாமா? இடத்தின் ஒரு மூலையில் மழைக்குத் தண்ணீர் நிற்கும். மேற்கு ஓரத்தில் பெரிய மரம் ஒன்று இருக்கிறது. மூன்று பேருமே அதை வெட்டச் சொல்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை.

பதில்: இப்போதைக்கு அவருக்கு முன்பணம் எதுவும் கொடுக்காதீர்கள். அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. அதே பூச்சு என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் டென்னிஸ் கோர்ட்டில் பூச்சு என்பது சில மில்லிமீட்டர் கனம்தான். காசெல்லாம் போவது அதற்குக் கீழே, நம் கண்ணில் படாத இடத்தில். பாதி விலைக்குச் செய்கிறார் என்றால் பெரும்பாலும் அங்கேதான் கை வைத்திருப்பார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கோடுகளுக்குள் இருக்கும் கோர்ட் 78 அடி நீளம், இரட்டையர் ஆட்டத்துக்கு 36 அடி அகலம். அதை மட்டும் போட்டால் ஆட முடியாது. பந்தைத் துரத்திப் பின்னாலும் பக்கவாட்டிலும் ஓட இடம் வேண்டும். அதையும் சேர்த்து 120-க்கு 60 அடி என்பது வழக்கமான அளவு, அதாவது 7,200 சதுர அடி. இதன் அடியில் 6 அங்குலம் ஜல்லி என்றால் இறுக்கிய பிறகே 100 கன மீட்டருக்கு மேல் வரும். அதன் மேல் 4 அங்குலம் கான்கிரீட் என்றால் 68 கன மீட்டர். 6 கன மீட்டர் பிடிக்கும் கலவை லாரி பன்னிரண்டு நடை வர வேண்டும். இப்போது ஜல்லியை மட்டும் 6 அங்குலத்திலிருந்து 3 ஆக்கிவிட்டால் 50 கன மீட்டர் சரக்கு மிச்சம். மேலே நின்று பார்க்கிற யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டாவது மழைக்காலத்தில்தான் தெரியும், விரிசலாக. (அந்த லாரி உங்கள் வாசல் வழியாக உள்ளே திரும்புமா என்பதையும் இப்போதே அளந்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பாவிட்டால் பம்ப் வைத்துக் கலவையைத் தள்ள வேண்டியிருக்கும், அது தனிச் செலவு.)

'ஒரே மாதம்' என்ற பேச்சுதான் எனக்கு இன்னும் கவலையாக இருக்கிறது. கான்கிரீட் போட்டால் பூச்சு அடிப்பதற்கு முன் 28 நாள் ஆற விடுவது வழக்கம். தார்க்கலவை போட்டாலும் குறைந்தது இரண்டு வாரம். அதற்கு முன்னால் மண்வேலை, ஜல்லி, ரோலர் இருக்கிறது. பின்னால் பூச்சு நான்கைந்து கை அடிக்க வேண்டும், ஒவ்வொன்றும் காய வேண்டும். ஒரு மாதத்தில் இத்தனையும் முடிய வேண்டுமானால் எதையாவது ஆற விடாமல்தான் முடிக்க வேண்டும்.

அப்படி அவசரமாக முடித்த ஒரு கோர்ட்டை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நண்பர் வீட்டுக் கோர்ட். போட்டு எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. பின்கோட்டுக்கு அருகே பச்சைப் பூச்சு தோசைக்கல்லில் மாவு எழும்புகிற மாதிரி உப்பியிருந்தது. கட்டைவிரலால் ஒன்றை அழுத்தினேன். ஓரம் கிழிந்து உள்ளேயிருந்து தண்ணீர் கசிந்தது. மழை பெய்து பத்து நாளாகியிருந்த நேரம் அது. தண்ணீர் மேலிருந்து வந்ததில்லை, கீழே மண்ணிலிருந்து ஏறியது. கான்கிரீட்டுக்கு அடியில் ஈரம் தடுக்கும் பிளாஸ்டிக் ஷீட் விரிக்கவே இல்லை. மேல்பரப்பையும் வீட்டுத் தரை மாதிரி வழவழவென்று தேய்த்து விட்டிருந்தார்கள், அதனால் பூச்சுக்குப் பிடிப்பும் இல்லை. துடைப்பம் இழுத்த மாதிரி மெல்லிய சொரசொரப்பு இருந்தால்தான் பூச்சு கடித்துக்கொள்ளும். மொத்த வேலையில் அந்த ஷீட் ஒரு சின்னச் செலவு. அதை விட்டதற்கு 7,200 சதுர அடியையும் சுரண்டி எடுக்க வேண்டியதாயிற்று. அன்று நண்பர் ஒன்றும் பேசாமல் அந்த உப்பல்களை எண்ணிக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. உங்களுக்கு அப்படி நடக்கக் கூடாது.

அதனால் மூன்று பேரிடமும் மொத்தத் தொகையை ஒப்பிடாதீர்கள். மண்ணை எத்தனை அங்குலம் வெட்டி எடுப்பார்கள், ஜல்லி இறுக்கிய பிறகு எத்தனை அங்குலம் நிற்கும், கான்கிரீட் எத்தனை அங்குலம், உள்ளே கம்பி என்ன, ஷீட் உண்டா, எத்தனை நாள் ஆற விடுவார்கள், பூச்சு எத்தனை கை. இதையெல்லாம் மூன்று பேரையும் ஒரே மாதிரி எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதியதும் விலைகள் தானாகவே நெருங்கி வருவதைப் பார்ப்பீர்கள். எழுதித் தர மறுப்பவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

அடுத்து அந்தத் தண்ணீர் நிற்கும் மூலை. உங்கள் இடத்தில் முதலில் பணம் கேட்கப் போவது அதுதான். ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலே 120-க்கு 60 கோர்ட்டில் சுமார் 6,700 லிட்டர் தண்ணீர் விழும். அதுவரை மண் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் இனி ஓரத்தில்தான் வழியும். எந்தப் பக்கம் போகும், அங்கே யார் வீட்டுச் சுவர் இருக்கிறது என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். பள்ளத்தை நிரப்பும்போது மண்ணை ஒரே தடவையில் கொட்டி மேலே ரோலர் ஓட்டினால் அடிமண் இறுகாது. அரை அடி, முக்கால் அடி கனத்துக்கு ஒரு அடுக்கு போட்டு, நனைத்து, இறுக்கி, அப்புறம்தான் அடுத்த அடுக்கு. அந்த நாட்களில் நீங்களோ உங்கள் கணவரோ கண்டிப்பாக அங்கே நில்லுங்கள். கோர்ட்டின் விளிம்பு சுற்றியுள்ள தரையைவிடச் சில அங்குலம் உயரமாக இருக்கட்டும்.

வாட்டம் 10 அடிக்கு 1 அங்குலம். ஒரு பக்கவாட்டிலிருந்து மறு பக்கவாட்டுக்கு, மொத்தக் கோர்ட்டும் ஒரே பலகை மாதிரி சாய வேண்டும். 60 அடிக்கு 6 அங்குலம் வரும், ஆடும்போது காலுக்குத் தெரியாது. வலைக்கு இரண்டு பக்கமும் கூரை மாதிரிச் சரிக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், ஆட்டமே கெட்டுவிடும்.

தரை எந்த வகை என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். செங்கல் தூள் போட்ட கிளே கோர்ட் முழங்காலுக்கு இதமானது, எனக்குப் பிடித்ததும் அதுதான். ஆனால் தினமும் தண்ணீர் தெளித்து, வலை இழுத்துச் சமன் செய்து, அவ்வப்போது ரோலர் ஓட்ட ஆள் வேண்டும். நான்கு பேர் மட்டும் ஆடும் வீட்டுக்கு அது ஒத்துவராது. புல்தரையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், அது தோட்டக்காரரின் முழுநேர வேலை. கான்கிரீட் மேல் அக்ரிலிக் பூச்சுதான் உங்களுக்குச் சரி. அதிலும் ஒரு விஷயம் உங்கள் கையில் இருக்கிறது. பூச்சில் கலக்கும் மணல் சொரசொரப்பாக இருந்தால் பந்து வேகம் குறைந்து எழும்பும், நைசாக இருந்தால் வழுக்கிக்கொண்டு போகும். பழகுகிற பிள்ளைகள் இருப்பதால் நடுத்தரமான, கொஞ்சம் மெதுவான தரையாகக் கேளுங்கள். பராமரிப்பு என்று பார்த்தால் பெருக்குவதும் கழுவுவதும்தான். ஆனால் நான்கிலிருந்து எட்டு ஆண்டுக்குள் மறுபடி பூச்சு அடிக்க வேண்டியிருக்கும். அந்தப் பணத்தை இப்போதிருந்தே தனியாக எடுத்து வையுங்கள்.

கையில் பணம் போதவில்லை என்றால் அடித்தளத்தைத் தவிர மற்ற எதையும் தள்ளிப் போடலாம். சுற்றிலும் 360 அடிக்கு 10 அடி உயர வேலி போடுவது பெரிய தொகை. முதலில் இரண்டு முனைகளிலும், மூலை திரும்பி 20 அடி வரையும் போட்டால் பெரும்பாலான பந்துகள் நின்றுவிடும். வேலியில் பச்சைத் துணி கட்டப் போவதாக இருந்தால் அதை இப்போதே சொல்லிவிடுங்கள். துணி கட்டிய வேலி காற்றைப் பாய்மரம் போல வாங்கும், அதற்குத் தகுந்த கனத்தில் கம்பம் வேண்டும். விளக்கும் பிறகு போடலாம். வீட்டு ஆட்டத்துக்கு 200 லக்ஸ் வெளிச்சம் போதும். ஆனால் ஒயர் போகும் குழாயையும் கம்பத்துக்கான அடித்தளத்தையும் இப்போதே புதைத்துவிட வேண்டும். கம்பங்கள் பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும், பின்கோட்டுக்குப் பின்னால் வைத்தால் எதிரே ஆடுபவர் கண் கூசும். வேலி உயரத்துக்கும் விளக்குக்கும் உள்ளூர் அனுமதி தேவையா என்று விசாரித்துவிடுங்கள். அப்படியே பக்கத்து வீட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், பந்து அடிக்கும் சத்தம் நாம் நினைப்பதைவிடத் தூரம் கேட்கும்.

உங்கள் மகனுக்காக ஒரு சின்ன விஷயம். 9 வயதுக்கு 78 அடி நீளம் அதிகம். அந்த வயதுக்கு 60 அடி நீளக் கோர்ட்டும், சாதாரணப் பந்தைவிட வேகம் பாதியாகக் குறைந்த ஆரஞ்சு பந்தும்தான் பயிற்சியில் பயன்படுத்துகிறார்கள். கோடு போடும்போதே, தரை நிறத்தைவிட ஒரு சாயல் மட்டும் மாறிய நிறத்தில், அந்தக் கோடுகளையும் போட்டுவிடச் சொல்லுங்கள். கூடுதல் செலவு கொஞ்சம்தான், அவனுக்குச் சொந்தமாக ஒரு கோர்ட் கிடைத்த மாதிரி இருக்கும்.

கடைசித் தவணைப் பணத்தை ஒரு சோதனைக்குப் பிறகுதான் கொடுங்கள். இதையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆறிய கான்கிரீட்டில், பூச்சுக்கு முன் ஒரு தடவை, பூச்சு முடிந்து ஒரு தடவை, மொத்தக் கோர்ட்டையும் தண்ணீர் விட்டு நனையுங்கள். வெயிலில் ஒரு மணி நேரம் வடிய விடுங்கள். அப்புறம் தண்ணீர் தேங்கியிருக்கும் இடத்தில் எல்லாம் ஒரு மெல்லிய நாணயத்தை வைத்துப் பாருங்கள். நாணயத்தின் மேல் தண்ணீர் ஏறி நின்றால் அந்தப் பள்ளத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டு, நிரப்பச் சொல்லுங்கள்.

சரி, மரத்துக்கு வருகிறேன். வெட்ட வேண்டாம். அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. வேர் தரையைத் தூக்கும், இலை கறை பிடிக்கும், நிழல் விழும் இடத்தில் பாசி படரும். ஆனால் உங்களிடம் 75 அடி அகலம் இருக்கிறது. வீட்டு ஆட்டத்துக்கு 114-க்கு 56 அடி தாராளமாகப் போதும். கோர்ட்டைக் கிழக்கு ஓரமாக ஒதுக்கினால் மரத்துக்கும் கோர்ட்டுக்கும் நடுவே பத்துப் பதினைந்து அடி கிடைக்கும். கோர்ட்டின் மேற்கு விளிம்பை ஒட்டி மூன்றடி ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் எடுத்து, கெட்டியான பிளாஸ்டிக் தடுப்பை நிறுத்தி மூடினால் வேர் அந்தப் பக்கம் திரும்புவது பெரிதும் குறையும். கோர்ட்டுக்கு மேல் நீளும் கிளைகளை மட்டும் கழித்துவிடுங்கள். தினமும் காலையில் பத்து நிமிடம் இலை பெருக்க வேண்டும், அதை யார் செய்வது என்று வீட்டில் இப்போதே பேசிக்கொள்ளுங்கள். மரத்தடியில் ஒரு பெஞ்ச் போடுங்கள். ஒரு ஆட்டம் முடித்து வேர்க்க விறுவிறுக்க வருகிறவருக்கு மாலை வெயிலில் அங்கேதான் நிழல் இருக்கும்.