வலைத்தொடரும் எட்டரை மணி நாடகமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நாங்கள் ஐந்து பெடியள் சேர்ந்து யூரியூப்பில் ஒரு வலைத்தொடர் செய்கிறோம். இரண்டு பகுதிகள் வந்துவிட்டன. வீட்டில் அம்மாவும் அம்மம்மாவும் இரவானால் சென்னை நாடகங்களுக்கு முன்னால்தான். எங்களுடையதைப் பார்க்கச் சொன்னால் "பிறகு பார்ப்பம்" என்கிறார்கள். வலைத்தொடர்கள் ரிவி நாடகங்களின் இடத்தைப் பிடிக்குமா? எங்கள் தொடரைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகர், கோண்டாவில், யாழ்ப்பாணம்)

அன்புள்ள தம்பி,

அம்மம்மாவோடு போட்டிக்குப் போகாதீர்கள், தோற்றுப்போவீர்கள்.

என் அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. போன வருஷம் மருமகள் தன் ஃபோனில் 'அயலி' போட்டுக் கொடுத்தாள். 2023இல் வந்த தொடர், எட்டே பகுதி. பெரியபிள்ளையானால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று அதை மறைக்கிற ஒரு பெண்பிள்ளையின் கதை. அம்மா இரண்டே இரவில் பார்த்து முடித்தார், அழுதார். மூன்றாம் நாள் எட்டரைக்கு ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு "இனி அந்தப் பிள்ளை வராதோ?" என்றார். பிறகு எழும்பிப் போய் ரிவியைப் போட்டார்.

கதைக்காகவா அவர் நாடகம் பார்க்கிறார்? பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற வீடுகளில், ஒரு நாளும் தவறாமல் படலையைத் திறந்துகொண்டு வருவது அந்த மாமியாரும் மருமகளும்தான். எட்டுப் பகுதியில் முடிகிற எதுவும் அந்த வேலையைச் செய்யாது.

ஆனால் ரிவி நமக்கு எப்போதும் அக்கரைச் சாமான்தான். எண்பதுகளில் கமுகை விட உயரமாக அன்ரனா கட்டி, ஒருவர் திருப்ப, மற்றவர் உள்ளே இருந்து "விடாத, விடாத, இப்ப தெரியுது" என்று கத்த, புள்ளி புள்ளியாக வந்த தூரதர்ஷன். தொண்ணூறுகளில் கரண்டே இல்லை. காசு சேர்த்து ரிவி, டெக், ஜெனரேற்றர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்தோம். நம் பேச்சு அந்தத் திரைகளில் வந்தால் பகிடிக்கு வரும், இல்லாவிட்டால் ஒப்பாரிக்கு வரும். உங்கள் தொடரில் ஒரு தாய் சாதாரணமாக "எங்கை போட்டு வாறாய்?" என்று கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷம் அதனால்தான்.

சரி, என் பயத்துக்கு வருகிறேன். விளம்பரம் வரும்வரை ரிவி நாடகம் முடியாது. 2013 பெப்ரவரியில் நெட்பிளிக்ஸ் ஒரு தொடரின் 13 பகுதிகளையும் ஒரே நாளில் விட்டது என்றால், அவர்களுக்குச் சந்தாக் காசு வருகிறது. உங்களுக்கு யூரியூப் விளம்பரத்தில் பங்கு தர 1000 சந்தாதாரர்களும், பன்னிரண்டு மாதத்துக்குள் 4000 மணி நேரப் பார்வையும் வேண்டும். பத்து நிமிஷப் பகுதி ஒன்றை 24,000 தரம் முழுதாகப் பார்க்கிற கணக்கு. அதன் பிறகும், வீடியோ எட்டு நிமிஷமாவது இருந்தால்தான் நடுவில் விளம்பரம் போடலாம். இழுக்கிற வியாதி உங்களுக்கும் தொற்ற இது போதும்.

தொற்றிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். உங்கள் முதல் பகுதி ஐந்தே முக்கால் நிமிஷம். வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்குக் கட்டிய காசு போய்விட்டதென்று கிணற்றடியில் மகன் சொல்கிறான். தாய் பாதி இழுத்த வாளியை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கிறார். கயிறு கொஞ்சம் கொஞ்சமாகக் கையிலிருந்து நழுவ, கப்பி கிறீச்சிடுகிறது. வேறு சத்தம் இல்லை. நல்ல இயக்குநர்கள்கூட அந்த இடத்தில் வயலினைப் போட்டிருப்பார்கள். இரண்டாம் பகுதி எட்டு நிமிஷம் நான்கு செக்கன். அதில் மகன் சந்தியிலிருந்து வீடு வரைக்கும், பாட்டோடு, இரண்டு நிமிஷம் நடக்கிறான்.

மொத்தம் எத்தனை பகுதி என்று இப்போதே எழுதி வையுங்கள். ஆறு என்றால் ஆறுதான், பார்வை கூடினாலும்.

அம்மாவுக்கும் போட்டுக் காட்டினேன். கிணற்றடி வந்தபோது ஃபோனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டார். அந்த நடை வந்ததும் என்னிடம் திருப்பித் தந்துவிட்டு, "ஏன், இந்தப் பெடியன்ரை வீட்டிலை ஒரு சைக்கிள் இல்லையோ?" என்று கேட்டார்.