மறைப்பதும் மறப்பதும்

வணக்கம் சார்,

டான் பிரவுனின் ‘தி சீக்ரெட் ஆஃப் சீக்ரெட்ஸ்’ படித்தேன். எட்டு வருடம் கழித்து அவருடைய தொடர் நாயகன் லாங்டன் வருகிறாரே என்று ஆசையாக வாங்கி, மூன்றே ராத்திரியில் முடித்தேன். அடுத்த வாரம் நண்பர் கதை கேட்டபோது பிராக் நகரமும் ஓட்டமும் தவிர எதுவும் ஞாபகம் வரவில்லை. அப்புறம் ஆண்டி வியரின் ‘ப்ராஜெக்ட் ஹெய்ல் மேரி’. பக்கத்துக்குப் பக்கம் இயற்பியல் பாடம், ஆனால் கடைசியில் அழுதுவிட்டேன். வேகமாகப் படிக்க வைப்பதுதானே த்ரில்லர்? அப்படிப் பார்த்தால் முதலாவதுதானே உசத்தி?

எஸ்.எம்.

அன்புள்ள எஸ்.எம்.,

மூன்று ராத்திரியில் முடிக்க வைத்தது பிரவுனின் கைத்திறன்தான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். முந்தைய ராத்திரி லாங்டனின் தோழி கேத்ரின் கனவில் கண்ட பெண், தலையில் கூர்முனைக் கிரீடமும் கையில் ஈட்டியுமாக, சார்ல்ஸ் பாலத்தில் நிஜமாகவே எதிரே வருகிறாள். அந்தக் கனவு ஹோட்டல் வெடிப்பதில் முடிந்ததால், லாங்டன் ஹோட்டலுக்கு ஓடி, தீ எச்சரிக்கை மணியை இழுத்துவிட்டு, ஜன்னல் வழியாக வல்டாவா ஆற்றில் குதிக்கிறார். இதைப் படித்துவிட்டு விளக்கை அணைக்க எனக்கும் மனம் வரவில்லை.

சிக்கல் அதற்கப்புறம். கேத்ரின் எழுதிய நூலில் என்ன இருக்கிறது என்பதுதான் கதையின் முடிச்சு. கேத்ரினுக்கு அது தெரியும், எழுதியவரே அவர்தானே. முதலில் அவரைக் காணோம். சரி, கிடைத்த பிறகாவது சொல்லலாமே? துண்டு துண்டாகத்தான் சொல்கிறார். பாத்திரங்களுக்குத் தெரிந்ததை நாம் கேட்டுவிடாமல் ஆசிரியர் நம் காதைப் பொத்திக்கொண்டே வருகிறார். பொத்திய கையை எடுத்ததும் விஷயம் தெரிந்துவிடுகிறது, அதோடு வேலை முடிந்தது. உங்களுக்கு ஞாபகம் இல்லாததில் வியப்பில்லை.

நம் வார இதழ்த் தொடர்களும் இதையே செய்தன என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் ‘தொடரும்’ போட்டுவிட்டால் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். அந்த வாரம் முழுக்க யார் கொலைகாரன் என்று வீட்டில் சண்டை நடக்கும். பாதிக் கதையை நாமே எழுதிவிடுவோம். இங்கே அடுத்த அத்தியாயம் அடுத்த பக்கத்திலேயே இருக்கிறது. ஊகிக்க ஏது நேரம்?

வியர் 2021இல் எழுதியதும் மறைக்கிற கதைதான். நாயகன் கிரேஸ் விண்கலத்தில் கண் விழிக்கிறான், பக்கத்தில் இரண்டு பிணங்கள், தன் பெயர்கூட நினைவில்லை. ஞாபகமறதியா, இந்தக் காலத்திலுமா என்று முதலில் எனக்குச் சலிப்புதான் வந்தது. ஆனால் இங்கே நமக்குத் தெரியாதது அவனுக்கும் தெரியாது. (நாவலைப் படிக்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள்.)

பூமியைக் காப்பாற்ற உயிரைக் கொடுக்க வந்த வீரன் என்று அவன் தன்னை நம்புகிறான், நாமும் நம்புகிறோம். கடைசியாகத் திரும்பும் நினைவு வேறு மாதிரி இருக்கிறது. அவன் வர மாட்டேன் என்று மறுத்தவன். அந்தப் பயணத் திட்டத்தின் தலைவி ஸ்ட்ராட் அவனை வலுக்கட்டாயமாக ஏற்றி அனுப்பியிருக்கிறாள். வழியில் காரியத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்றுதான் மறதிக்கான மருந்தே கொடுக்கப்பட்டது. சலிப்பூட்டிய அந்தப் பழைய உத்திதான் கதையின் விடையாகிவிடுகிறது!

அப்புறம் அந்த இயற்பியல் பாடம். கிரேஸ் விண்வெளியில் சந்திக்கும் வேற்றுக்கிரகவாசி ராக்கியின் கலத்தில் வந்த 23 பேரில் 22 பேர் செத்துப்போனார்கள். ஏன் என்று தெரியாமலே அது 46 வருடம் தனியாக உட்கார்ந்திருக்கிறது. அதன் கிரகத்தில் கதிர்வீச்சு என்ற ஒன்றையே யாரும் அறிந்ததில்லை. கிரேஸ்தான் விளக்குகிறான்: நீ எரிபொருளுக்குப் பக்கத்தில் வேலை செய்தாய், அது கதிர்வீச்சைத் தடுத்துவிட்டது, அதனால் பிழைத்தாய். வகுப்பறைப் பாடம் போல ஆரம்பிக்கிற பக்கம் இழவு வீடாக முடிகிறது. தூங்கும்போது ஒருவர் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்வது ராக்கியின் இனத்து வழக்கம் என்று போகிறபோக்கில் ஒரு தகவல் வரும். நீங்கள் அழுதது எந்த இடத்தில் என்று எழுதவில்லை. எனக்கு அந்தத் தூக்கக் காவலிலேயே தொண்டை அடைத்துவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. கிரேஸின் ஜோக்குகள் பள்ளிக்கூடப் பையன் ரகம். ஸ்ட்ராட் தவிர பூமியில் எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறார்கள்.

உசத்தி எது என்பதை உங்கள் நண்பரிடமே கேளுங்கள், இரண்டில் எதன் கதையை நீங்கள் நன்றாகச் சொன்னீர்கள் என்று. முடிந்தால் வியரின் முதல் அத்தியாயத்தை மட்டும் மறுபடி படியுங்கள். இரண்டும் இரண்டும் எத்தனை என்று கணினி கேட்க, அவன் வாய் திறக்க முடியாமல் தவிக்கும் இடம். அவன் ஏன் அப்படிக் கிடக்கிறான் என்று இப்போது உங்களுக்குத் தெரியும், அவனுக்குத்தான் தெரியாது.