சோடா மூடி போட்ட நுரை வைன் கலங்கலாக இருந்தால் கெட்டுப்போனதா?

கேள்வி: "பாரிஸிலிருந்து வந்த சித்தப்பா ஒரு நுரை வைன் பாட்டில் கொடுத்தார். கார்க் இல்லை, சோடா மூடிதான். அடியில் வண்டல். திறந்ததும் பாதி தரையில் கொட்டிவிட்டது, மிச்சம் எலுமிச்சை ஜூஸ் மாதிரி கலங்கல். இது கெட்டதா, போலியா? (புதுச்சேரி)"

இரண்டும் இல்லை. மிச்சத்தைக் கொட்டிவிடாதீர்கள். கலங்கலைப் பார்த்ததுமே 'கெட்டுப்போச்சு' என்று நல்ல வைனைச் சாக்கடையில் ஊற்றுகிறவர்கள் நம் ஊரில் அதிகம். அந்த ஆதங்கத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கோலி சோடாவில் காஸை சிலிண்டரிலிருந்து ஏற்றுகிறார்கள். உங்கள் பாட்டிலில் இருந்த காஸ் அதற்குள்ளேயே பிறந்தது. இறக்கிய கள் பானையில் பொங்கிக்கொண்டே இருக்குமே, அதே வேலைதான்: ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் விடுகிறது. பானை திறந்திருப்பதால் வாயு பறந்துவிடும். திராட்சைச் சாறு நொதித்து முடியும் முன்பே பாட்டிலில் அடைத்து மூடினால், போக வழியின்றி வைனிலேயே கரைந்து நிற்கும். இந்த முறையில் செய்த வைனின் லேபிளில் 'மெத்தோட் ஆன்செஸ்த்ரால்' (முன்னோர் முறை) என்றோ 'பெட்-நாட்' (இயற்கையாக நுரைப்பது) என்றோ இருக்கும், பாருங்கள். தெற்கு பிரான்சின் லிமூ ஊர்க்காரர்கள், பக்கத்து செந்த் இலேர் மடத்தில் 1531-லேயே நுரை வைன் இருந்தது என்று பெருமை பேசுவார்கள்.

ஷாம்பெய்ன் வேறு. அது முழுக்க நொதித்து முடிந்த வைன். அதில் லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து, பாட்டிலுக்குள் இரண்டாம் முறை நொதிக்க விடுவார்கள். பிறகு பாட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தலைகீழாக்கி, வண்டலைக் கழுத்துக்குக் கொண்டுவந்து, கழுத்தை மட்டும் உறையவைத்து வெளியே தள்ளுவார்கள். அதனால்தான் கண்ணாடி மாதிரி தெளிவு. பெட்-நாட்டில் பெரும்பாலும் அந்த வேலை கிடையாது. அடியில் நீங்கள் பார்த்தது செத்த ஈஸ்ட். குடித்தால் ஒன்றும் ஆகாது, ஆப்ப மாவு வாசனை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், அவ்வளவுதான்.

கொட்டியது ஏன்? லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை நொதித்தால் ஏறக்குறைய 1 பார் அழுத்தம். 12 கிராம் மிச்சமிருக்கும்போது மூடினால் 3 பார், அதாவது கார் டயரைவிட அதிகம். தயாரித்தவர் அவசரப்பட்டு முன்கூட்டியே மூடியிருந்தாலும் பொங்கும். ஆனால் உங்கள் விஷயத்தில் என் முதல் சந்தேகம் பயணத்தின் மேல்தான். விமானம், பிறகு சென்னையிலிருந்து ஈசிஆரில் மூன்று மணி நேரம் காரில் குலுங்கல், வீட்டில் மே மாதச் சூடு. சூடான திரவத்தில் காஸ் நிற்காது. கலைந்த வண்டலின் ஒவ்வொரு துகளும் குமிழ் கிளம்ப ஒரு பிடிமானம். இவை ஒன்றுசேர்ந்தால் எந்த பெட்-நாட்டும் பொங்கும்.

அடுத்த பாட்டில் வந்தால் ஃப்ரிட்ஜில் நிமிர்த்தி இரண்டு மூன்று நாள் ஆடாமல் வையுங்கள். கதவுத் தட்டில் வேண்டாம், திறக்கும்போதெல்லாம் குலுங்கும். ஃப்ரீசரில் வைக்கவே கூடாது, உறைந்து விரிந்தால் பாட்டில் வெடிக்கும். குடிக்கும்போது 6 முதல் 8 டிகிரி சரி. சிங்க்கின் மேல் லேசாகச் சாய்த்துப் பிடித்து, ஓப்பனரால் மூடியின் ஒரு ஓரத்தை மட்டும் தூக்குங்கள். 'உஸ்' சத்தம் வந்ததும் நிறுத்துங்கள். நுரை கழுத்துக்கு ஏறினால் மூடியை அழுத்திப் பிடித்து, இறங்கிய பின் மறுபடி. ஒரு நிமிடம் ஆனாலும் பரவாயில்லை. ஊற்றும்போது பாட்டிலை நடுவில் நிமிர்த்தாமல் எல்லா கிளாஸுக்கும் ஒரே ஓட்டமாக ஊற்றினால், வண்டல் கடைசி கிளாஸில்தான் விழும். கிளாஸில் சோப்பு வழுவழுப்பு இருந்தால் நுரை செத்துவிடும். வெந்நீரில் நன்றாக அலசிக் கவிழ்த்து வையுங்கள்.

உண்மையிலேயே கெட்டதை மூக்கும் நாக்கும் சொல்லும். காடி வாடை மூக்கைக் குத்தினால் கெட்டது. அழுகின முட்டை வாடை என்றால் பத்து நிமிடம் காற்றாட விட்டுப் பாருங்கள், சில சமயம் போய்விடும். ஏமாற்றுவது எலி வாடைதான். முகர்ந்தால் தெரியாது. விழுங்கி சில விநாடி கழித்து, எலி ஓடின பழைய அரிசி மூட்டை நாற்றம் தொண்டையிலிருந்து வரும். வைனின் புளிப்பு அமுக்கி வைத்திருந்ததை எச்சில் கிளப்பிவிடுகிறது. அதற்கு மருந்தில்லை.

இதைப் படித்துவிட்டு, கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போடும் திராட்சை வைனை சோடா மூடி போட்டு அடைக்கலாமே என்று யாரும் கிளம்ப வேண்டாம். உரிமம் இல்லாமல் செய்வது சட்டப்படி குற்றம். அதோடு, மிச்சச் சர்க்கரையை அளக்காமல் 40 கிராமில் அடைத்தால் கணக்குப்படி 10 பார். சாதாரண பாட்டில் தாங்காது, கண்ணாடிச் சில்லு முகத்தில் பாயும்.

'குடிக்கு வக்காலத்தா?' என்று கேட்கப்போகிறவர்களுக்கு: குடிக்காதவரை நான் அழைக்கவில்லை, கேட்டவருக்குப் பதில் சொல்கிறேன். பாண்டி என்றாலே சரக்கு என்று வெளியூர்க்காரர்கள் எங்கள் ஊரைச் சுருக்கிவிட்டார்கள். சனி ஞாயிறில் கடற்கரைச் சாலையில் காலி பாட்டிலை வீசிவிட்டுப் போவது அவர்கள், கெட்ட பெயர் எங்களுக்கு. ஒரு பானம் எப்படி உருவாகிறது என்று இங்கே ஒருவர் நிதானமாகக் கேட்டதே எனக்குச் சந்தோஷம்.

உங்கள் மிச்சத்துக்கு: சோடா மூடி திரும்ப இறுகாது. கழுத்தைக் கவ்விப் பிடிக்கும் ஷாம்பெய்ன் அடைப்பான் இருந்தால் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெறும் கார்க்கைத் திணித்தால் துப்பிவிடும். கழுத்தில் ஸ்பூன் தொங்கவிட்டால் காஸ் நிற்கும் என்பது பொய். நாளை ராத்திரிக்குள், மிளகாய்த்தூள் கம்மியாகப் போட்ட வஞ்சிரம் வறுவலோடு முடித்துவிடுங்கள். காரம் தூக்கலாக இருந்தால் குமிழ் எரிச்சலைத்தான் கூட்டும்.